மிதிவண்டி வீரரும் பயிற்சியும்

மிதிவண்டியை அறியாத சிற்றூர் தமிழ்நாட்டில் இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையம், திருவில்லிபுத்தூர், சோழபுரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதியில் விடியற்காலையில் சாலையோரத்தே நின்று நோக்குவோர்க்கு இவ்வுண்மை இனிது விளங்கும். நூற்பாலைக்கு விரையும் தொழிலாளரும், தோட்டத்திற்குச் செல்லும் உழவரும், புத்தகப் பையைச் சுமந்த மாணவரும் விசைவண்டிகள் பெருகிவிட்ட இந்நாளிலும் மிதிவண்டியைக் கைவிடவில்லை. 2005-06 ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டத்தை விரிவாக்கியது. அதன்பின் ஏழை எளியோர் வீடுகளிலும் அது இடம்பெற்றது.

மிதிவண்டியைக் கொண்டு விளையாடும் வழக்கமும் நம் ஊர்களுக்குப் புதியதன்று. பொங்கல் விழாவில் மிதிவண்டியை மெதுவாக ஓட்டும் போட்டி நடைபெறும். காலைத் தரையில் ஊன்றாமல் எல்லாரினும் பிந்தி வருபவரே அதில் வெற்றி பெறுவர். இரவு பகலாகப் பல நாள் வண்டியை விட்டு இறங்காமல் திடலில் வட்டமிடும் வீரரை ஊரார் கூடிக் கண்டு வியந்த காலமும் ஒன்று இருந்தது. முன்னது உடற்சமநிலையைக் காட்டும். பின்னது பொறுமையைக் காட்டும். விரைந்து செல்லும் பந்தயமோ இவ்விரண்டையும் வேண்டுவதோடு, மூன்றாவதாகத் திறன் என்னும் ஒன்றையும் வேண்டி நிற்கிறது. அத்திறனை வளர்க்கும் முறைக்கே பயிற்சி என்று பெயர்.

2018 ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டின் ஏகிள் நகரில் இளையோர்க்கான உலக மிதிவண்டிப் போட்டி நடைபெற்றது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் என்னும் இளைஞர், கெய்ரின் என்னும் பந்தயத்தில் அங்கு வெள்ளிப் பதக்கம் வென்றார். முதலிடத்திற்கும் அவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.017 விநாடி. மணிக்கு 65 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி அந்நேரத்தில் கடக்கும் தொலைவு ஏறக்குறைய ஓர் அடியே ஆகும். பல சுற்றுகள் ஓடி முடித்த பின்னரும் வெற்றியை முடிவு செய்தது ஓர் அடி நிலம். பல ஆண்டுப் பயிற்சி இத்தகைய ஓரடிக்காகவே செய்யப்படுகிறது. அந்த ஓரடி எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, முதலில் திறன் இன்னது என்பதை அறிதல் வேண்டும்.

ஒரு பொருளை விசை கொண்டு நகர்த்தும்போது வேலை நடைபெறுகிறது. அவ்வேலை எவ்வளவு விரைவில் நடைபெறுகிறது என்பதைக் குறிப்பதே திறன். அதனை வாட் என்னும் அலகால் அளப்பர். 746 வாட் கொண்டது ஒரு குதிரைத்திறன். ஒருவரும் அவருடைய வண்டியும் சேர்ந்து 70 கிலோகிராம் எடை உடையவர் எனக் கொள்வோம். அவர் 100 மீட்டர் உயரமுள்ள மலைச்சாலையில் ஏறுகிறார். புவியீர்ப்பை எதிர்த்து அவர் செய்யும் வேலை 68,600 ஜூல். அதனைப் பத்து நிமிடத்தில் செய்தால் அவர் வெளிப்படுத்தும் திறன் ஏறத்தாழ 114 வாட். ஐந்தே நிமிடத்தில் ஏறிவிட்டால் அது 229 வாட் ஆகும். மலையும் ஒன்று, வேலையும் ஒன்று. திறன் மட்டும் இரு மடங்கு. ஆகவே, மெலிந்த உடலுடைய ஒருவர் பருத்த உடலுடையவரைக் காட்டிலும் மலையில் முந்திச் செல்வது வியப்பன்று. அவர் தூக்கிச் செல்லும் எடை குறைவு. ஒருவருடைய திறனை அவருடைய எடையால் வகுத்துப் பார்ப்பது மலைப்பந்தய வீரரின் வழக்கம்.

சமவெளியில் நிலைமை வேறு. அங்கு வீரர்க்குப் பெரும் பகைவன் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. ஆனி, ஆடி மாதங்களில் மலைப்பக்கத்திலிருந்து வீசும் மேல்காற்றை எதிர்த்து மிதித்தவர்க்கு அப்பழமொழியின் பொருள் கால்களிலேயே விளங்கும். காற்று வீசாத நாளிலும் இத்தடை உண்டு. விரைவு இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அதனை வெல்ல வேண்டிய திறனோ எட்டு மடங்காகிறது. விரைவைப் பத்தில் ஒரு பங்கு கூட்ட விரும்புபவர், காற்றை வெல்லும் திறனை மூன்றில் ஒரு பங்கு கூட்டியாக வேண்டும். புதிதாகப் பயில்வோர் முதற் சில திங்களில் விரைந்து முன்னேறி, பின்னர் நெடுநாள் ஒரே நிலையில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் சோர்வடைய வேண்டுவதில்லை. மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு படியும் உயரமாகிறது என்பதே அதன் பொருள்.

காற்றை வலிமையால் மட்டுமின்றி அறிவாலும் வெல்லலாம். முதுகைத் தாழ்த்தி, முழங்கைகளை உள்ளொடுக்கி அமர்ந்தால் காற்று மோதும் பரப்புக் குறைகிறது. படபடக்கும் தளர்ந்த சட்டையும் தடையே. ஒரு மணி நேரத்தில் ஒருவர் எவ்வளவு தொலைவு செல்ல இயலும் என்பதைக் காட்டும் உலகச் சாதனைகளின் வரலாறு இதற்குச் சான்று பகரும். 1893 இல் பிரான்சு நாட்டின் ஆன்றி தெகிராஞ்சு 35.325 கிலோமீட்டர் சென்றார். 1972 இல் பெல்சியத்தின் எடி மெர்க்சு மெக்சிகோ நகரில் 49.431 கிலோமீட்டர் சென்றார். கடல் மட்டத்திற்கு மேல் இரண்டாயிரம் மீட்டருக்கும் உயர்ந்த அந்நகரில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதை அறிந்தே அவர் அவ்விடத்தைத் தேர்ந்தார். 2022 இல் இத்தாலியின் பிலிப்போ கன்னா சுவிட்சர்லாந்தில் 56.792 கிலோமீட்டர் சென்றார். இந்த 129 ஆண்டுகளில் மனிதனின் கால்கள் மாறிவிடவில்லை. பயிற்சியும் வண்டியும் அமரும் முறையும் செம்மையுற்றன.

காற்றுக்கு ஒதுங்க மற்றொரு வழியும் உண்டு. முன்னே செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டித் தம் வண்டியைச் செலுத்துபவர்க்குக் காற்றின் தடை பெரிதும் குறையும். அவர் செலவிடும் திறனில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். நெடுந்தூரப் பந்தயத்தில் வீரர் கூட்டமாகச் செல்வதும், முறை மாற்றி முன்னே வந்து காற்றைத் தாங்குவதும் இதனாலேயே. 1948 இல் சப்பானில் தோன்றிய கெய்ரின் பந்தயத்தில், முதற் சில சுற்றுகளில் விசைவண்டி ஒன்று முன்னே செல்ல, வீரர் யாவரும் அதன் பின்னே வருவர். அது விலகிய பின்னரே உண்மையான போட்டி தொடங்கும். எவர் பின்னே ஒதுங்குவது, எப்பொழுது வெளிப்பட்டு முந்துவது என்பதை நொடிப்பொழுதில் முடிவு செய்ய வேண்டும். முந்த வேண்டிய இடத்திற்கு முன்பே முந்தியவர் காற்றைத் தாங்கிக் களைப்பார். பிந்தியவர்க்கு வழி அடைபட்டுவிடும்.

இனி, திறனைத் தரும் உடல் என்னும் பொறியை நோக்குவோம். தசைகள் மூன்று வகையில் ஆற்றலைப் பெறுகின்றன. தசையிலேயே ஆயத்தமாக உள்ள சிறு சேமிப்பு முதல் வகை. அது ஏறத்தாழ பத்து விநாடி முழு முயற்சிக்கு மட்டும் போதுமானது. சர்க்கரைப் பொருளைப் பிராணவாயுவின் துணையின்றி விரைந்து சிதைத்துப் பெறுவது இரண்டாம் வகை. அது ஓரிரு நிமிடம் கைகொடுக்கும். அதன் முடிவில் கால்கள் எரிவதுபோல் தோன்றும். மூச்சினால் பெறும் பிராணவாயுவைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் மெல்ல எரித்துப் பெறுவது மூன்றாம் வகை. மணிக்கணக்கில் வண்டி ஓட்டுபவர்க்கு இதுவே உற்ற துணை. குறுந்தூர வீரர் முதல் இரண்டு வகைகளையும், நெடுந்தூர வீரர் மூன்றாவதையும் சிறப்பாக வளர்த்தல் வேண்டும். எனினும், மூன்றாவது வளம் பெறாதவர்க்கு ஏனைய இரண்டும் விரைவில் வற்றிப்போகும்.

இவ்வளம் எவ்வாறு பெருகும்? கரிசல் நிலத்து உழவன் இதற்கு நல்ல விடை கூறுவான். உழுதால் நிலம் புரளும்; ஆயின் உழுதுகொண்டே இருந்தால் விளைச்சல் கிடைக்குமா? உழவுக்குப் பின் மழையும் வெயிலும் காலமும் வேண்டும். உடலும் அத்தகையதே. கடுமையாக மிதித்த நாளில் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் நேர்கின்றன. சேமித்த சர்க்கரை தீர்ந்துவிடுகிறது. அன்று மாலை அவ்வீரரின் வலிமை காலையில் இருந்ததைவிடக் குறைவு. பின்னர் உண்டு, உறங்கி, இளைப்பாறும் வேளையில் உடல் அச்சிதைவுகளைச் செப்பனிடுகிறது. மறுமுறையும் அத்தகைய சுமை வரக்கூடும் என்று அறிந்ததுபோல் முன்னிருந்ததினும் சற்று மிகுதியாகவே வலிமையைக் கட்டி வைக்கிறது. சுமைக்கு ஏற்ப உயிர் தன்னைத் திருத்திக்கொள்ளும் இயல்பையும், சுமை நீங்காதபோது அது தளர்ந்து வீழும் இயல்பையும் 1936 இல் ஆன்சு செல்யே என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். ஆகவே, பயிற்சியின்போது வலிமை வளர்வதில்லை. பயிற்சிக்குப் பிந்திய ஓய்விலேயே அது வளர்கிறது. மிதிவண்டிப் பயிற்சியின் உயிர்நாடி இவ்வுண்மையே.

பயிற்சியின் முதற்படி, அடித்தளம் அமைப்பது. வாரத்தில் பெரும்பகுதியும் வீரர் மெல்லிய வேகத்தில் நெடுநேரம் ஓட்டுதல் வேண்டும். உடன்வரும் தோழரோடு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டு செல்லக்கூடிய வேகமே அதற்கு உரிய அளவு. இது மிக எளிதாகத் தோன்றுவதால் இளைஞர் பலர் இதனை இகழ்ந்து ஒதுக்குவர். ஆனால் இம்மெல்லிய ஓட்டத்தினால்தான் இதயம் ஒரு துடிப்பில் மிகுதியான குருதியைச் செலுத்தப் பழகுகிறது. தசைகளைச் சுற்றி மெல்லிய குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரிக்கும் ஆற்றலும் மிகுகிறது. நன்கு பயின்றவரின் நாடி ஓய்வு நேரத்தில் மெல்லத் துடிப்பது இதன் விளைவே.

இரண்டாம் படி, இடைவெளிப் பயிற்சி. செருமனியில் 1930 ஆம் ஆண்டுகளில் வோல்டெமார் கெர்சுலர் என்னும் பயிற்சியாளரும் ஆர்பர்ட் ரைண்டெல் என்னும் மருத்துவரும் இதய இயக்கத்தை ஆராய்ந்து இம்முறையைச் செப்பம் செய்தனர். கெர்சுலரிடம் பயின்ற ருடால்ப் ஆர்பிக்கு 1939 இல் 800 மீட்டர் ஓட்டத்தை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். ஓட்டக்காரர்க்கென அமைந்த இம்முறை பின்னர் மிதிவண்டி வீரர்க்கும் உரியதாயிற்று. இதன் கருத்து எளிது. மிகக் கடுமையான முயற்சியை இடைவிடாமல் நெடுநேரம் செய்ய எவராலும் இயலாது. அதனைச் சிறு பகுதிகளாகப் பிரித்து இடையே இளைப்பாறினால், மொத்தத்தில் மிகுதியான நேரம் கடுமையாக உழைக்கலாம். நான்கு நிமிடம் விரைந்து மிதித்து, மூன்று நிமிடம் மெல்லச் சென்று, இவ்வாறு நான்கு முறை செய்தால் பதினாறு நிமிடக் கடும்பயிற்சி கிடைக்கிறது. சப்பானிய அறிஞர் இசூமி தபாட்டாவும் அவருடைய குழுவினரும் 1996 இல் வெளியிட்ட ஆய்வில், நிலையான மிதிவண்டிப் பொறியில் 20 விநாடி கடுமையாக மிதித்து 10 விநாடி இளைப்பாறும் முறை, பிராணவாயுவின் துணை கொண்ட ஆற்றலையும் அஃது இல்லாத ஆற்றலையும் ஒருங்கே வளர்ப்பதைக் கண்டனர். ஆயினும் இத்தகைய பயிற்சி வாரத்திற்கு ஒரு முறையோ இரு முறையோ போதும். மிகுந்தால் அது மருந்தாகாமல் நஞ்சாகிவிடும்.

வளர்ச்சியை அளந்து அறிவது மூன்றாம் படி. 1986 இல் செருமானியப் பொறியாளர் உல்ரிக் சோபரர், பெடலை இயக்கும் பகுதியில் பொருத்தித் திறனை வாட் கணக்கில் காட்டும் கருவியை உருவாக்கினார். இன்று உலகெங்கும் பந்தய வீரர் அத்தகைய கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். ஒரு மணி நேரம் தளராமல் வெளிப்படுத்தக்கூடிய திறனை அறிந்து, அதனையே அளவுகோலாகக் கொண்டு தம் பயிற்சியை வகுக்கின்றனர். விலை மிகுந்த அக்கருவி இல்லாத மாணவர் வருந்த வேண்டுவதில்லை. சாலையோரக் கிலோமீட்டர்க் கல்லும் கைக்கடிகாரமும் அவர்க்குப் போதுமானவை. போக்குவரத்துக் குறைந்த நேர்ச்சாலையில் ஐந்து கிலோமீட்டர் சென்று, அதே வழியில் திரும்பி, ஆகும் நேரத்தைக் குறித்து வைத்தல் வேண்டும். போகும்போது எதிர்த்த காற்றே வரும்போது துணை செய்வதால் அளவு ஓரளவு நடுநிலையாக அமையும். நான்கு வாரத்திற்கு ஒரு முறை, அதே வேளையில், அதே வழியில் இச்சோதனையைச் செய்து வந்தால் முன்னேற்றம் கண்கூடாகும். குறிப்பேட்டில் உள்ள எண் எவரையும் புகழ்வதுமில்லை, இகழ்வதுமில்லை. உள்ளதை உள்ளவாறு கூறும்.

வண்டி ஓட்டுவதில் முன்பே பழகிய மாணவர் ஒருவர் தம் வாரத்தைப் பின்வருமாறு வகுத்துக்கொள்ளலாம். திங்கள் முழு ஓய்வு. செவ்வாய் இடைவெளிப் பயிற்சி. புதன் முக்கால் மணி நேரம் மெல்லிய ஓட்டம். வியாழன் மேட்டுச் சாலையில் ஏறி இறங்கும் பயிற்சி. வெள்ளி மீண்டும் ஓய்வு. சனிக்கிழமை வளைவுகளில் திரும்புதல், ஒருவர் பின் ஒருவராகச் செல்லுதல் முதலிய திறமைகளைப் பழகுதல். ஞாயிறு இரண்டு மணி நேரம் வரை நிதானமான நெடும்பயணம். ஒரு வாரத்தின் அளவை அடுத்த வாரத்தில் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் கூட்டுதல் ஆகாது. ஒவ்வொரு நான்காம் வாரமும் அளவைக் குறைத்து உடலுக்கு இடம் கொடுத்தல் நலம். தேர்வுக் காலத்தில் கண்விழித்துப் படிக்கும் மாணவர் கடும்பயிற்சியை நிறுத்தி வைப்பதே அறிவுடைமை. பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் உடலைக் காட்டி அவர் கருத்தை அறிதலும் இன்றியமையாதது.

ஓய்வு குறைந்தால் உடல் தானே எச்சரிக்கை தரும். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடித் துடிப்பை எண்ணிக் குறித்து வருபவர், அது வழக்கத்திற்கு மாறாக உயர்ந்திருப்பதைக் காணும் நாளில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உறக்கமின்மை, பசியின்மை, காரணமற்ற எரிச்சல், எளிய மேட்டிலும் கால் கனத்தல் ஆகியவை அளவுக்கு மீறிய பயிற்சியின் அடையாளங்கள். அப்பொழுது மேலும் மேலும் மிதிப்பவர், பின்னும் பின்னும் செல்வர். வளரும் பருவத்தினர்க்கு நாள்தோறும் எட்டு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டும்.

உணவும் பயிற்சியின் ஒரு கூறே. மிதிவண்டி வீரர்க்குத் தேவையானவை பலவும் நம் வீட்டு அடுப்படியிலேயே உள்ளன. பந்தயத்திற்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரத்திற்கு முன் இட்லியோ, கேழ்வரகுக் கூழோ உண்ணலாம். ஒன்றரை மணி நேரத்திற்கு மேற்பட்ட ஓட்டத்தில், ஒரு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்தோ சர்க்கரையோ சேர வேண்டும். வாழைப்பழம் அதற்கு மிகவும் ஏற்றது. ஓட்டம் முடிந்த பின் சோறும் பருப்பும் முட்டையும் தயிரும் தசைகளைச் செப்பனிட உதவும். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் சுவையை யார் மறுப்பர்? எனினும் கொழுப்பு மிகுந்த அது செரிப்பதற்கு நெடுநேரம் ஆகுமாதலால், அதனைப் பந்தயத்திற்கு முன் உண்ணாமல் வெற்றிக்குப் பின் உண்பதே சிறந்தது. தசைகள் எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு வரையே பெடலைச் சென்று அடைகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. வெயில் மிகுந்த இம்மாவட்டத்தில் அவ்வெப்பத்தை வியர்வையே தணிக்க வேண்டும். ஆகவே சிறிது உப்பிட்ட மோரும் நீரும் இடையிடையே பருகுதல் வேண்டும். காலைப் பொழுதே பயிற்சிக்கு உகந்தது, நடுப்பகல் அன்று.

வண்டியைப் பேணாதவரின் பயிற்சி, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றது. துருவேறிய செயினும் காற்றுக் குறைந்த டயரும் உழைத்துப் பெற்ற திறனைக் களவாடுகின்றன. சீட்டு தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். உயர்ந்திருந்தால் இடுப்பு அசையும். பெடல் கீழ்நிலையில் இருக்கும்போது முழங்கால் சிறிதே மடிந்திருப்பது சரியான அளவு. கனத்த பல்சக்கரத்தை மெல்ல மிதிப்பதைவிட, இலேசான பல்சக்கரத்தை நிமிடத்திற்கு எண்பது, தொண்ணூறு சுற்று மிதிப்பது தசைகளை நெடுநேரம் காக்கும். சாலையில் செல்பவர் தலைக்கவசம் அணிதல் வேண்டும். பிரேக்கைச் சோதித்தல் வேண்டும். சரக்கு லாரிகள் விரையும் நெடுஞ்சாலையை விலக்கி, ஊர்ச்சாலையைத் தேர்தல் வேண்டும். உயிரைப் பணயம் வைத்துப் பெறும் விரைவு, விரைவாகாது.

திறனைப் பயிற்சியால் ஈட்டாமல் மருந்தால் கடன் வாங்க முயன்றோரும் உண்டு. 1965 இல் உலக வாகையர் ஆன ஆங்கில வீரர் டாம் சிம்சன், 1967 ஆம் ஆண்டு சூலை 13 ஆம் நாள், பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும்பந்தயத்தின்போது வெந்தூ என்னும் மலைச்சாலையில் கொடிய வெயிலில் வண்டியினின்று வீழ்ந்து உயிர் நீத்தார். அப்பொழுது அவர்க்கு வயது 29. களைப்பை உணரவிடாத ஆம்பெட்டமின் என்னும் மருந்தை அவர் உட்கொண்டிருந்தார் என்பது பின்னர் வெளிப்பட்டது. களைப்பு உடலின் காவலன். அக்காவலனை உறங்கவைத்தபோது, நிற்க வேண்டிய இடத்தை அவருடைய உடல் அவருக்கு அறிவிக்கவில்லை. அதே பெரும்பந்தயத்தில் ஏழு முறை முதலிடம் பெற்ற அமெரிக்கரான லான்சு ஆம்சுட்ராங்கு, தடை செய்யப்பட்ட மருந்துகளைப் பயன்படுத்திய குற்றத்திற்காக 2012 இல் அவ்வேழு பட்டங்களையும் இழந்தார். ஒருவர் உயிரை இழந்தார். மற்றவர் பெயரை இழந்தார்.

நேரிய பயிற்சி என்ன செய்ய வல்லது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. 1948 இல் இலண்டனிலும், 1952 இல் எல்சிங்கியிலும், 1964 இல் டோக்கியோவிலும் நடைபெற்ற ஒலிம்பிக் விழாக்களில் இந்திய மிதிவண்டி வீரர் கலந்துகொண்டனர். அதன்பின் 2024 இல் பாரிசில் நிகழ்ந்த விழா வரையில் இந்தியர் எவர்க்கும் அப்போட்டியில் இடம் கிடைக்கவில்லை. கோடிக்கணக்கான மிதிவண்டிகள் ஓடும் நாட்டிற்கு இது பெருங்குறை. வண்டிகள் இருந்தன, முறையான தடமும் பயிற்சியும் அரிதாக இருந்தன. 2010 ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகளை ஒட்டி, தில்லியில் மரத்தாலான உள்ளரங்கத் தடம் அமைந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இளையோர் அங்கு வந்து பயிலலாயினர்.

அவர்களுள் ஒருவர் டெபோரா எரோல்டு. 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளை அழித்தபோது அவர் சிறுமி. மரமொன்றைப் பற்றிக்கொண்டு நாள் பல கழித்து உயிர் தப்பிய அவர், பின்னாளில் 500 மீட்டர் ஓட்டத்தில் உலகத் தரவரிசையில் நான்காம் இடம் வரை உயர்ந்தார். அவரைத் தொடர்ந்து வந்தவரே ஈசோ ஆல்பன்.

2018 இல் ஓரடித் தொலைவில் பொற்பதக்கத்தை இழந்த ஈசோ, மீண்டும் பயிற்சித் தடத்திற்கே திரும்பினார். 2019 ஆம் ஆண்டு செருமனியின் பிராங்குபர்ட்-ஓடர் நகரில் நடந்த இளையோர் உலகப் போட்டியில், மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங்கு, ரோசித்து சிங்கு ஆகியோருடன் சேர்ந்து அணி விரைவோட்டத்தில் கலந்துகொண்டார். மூவர் மூன்று சுற்று ஓடும் 750 மீட்டர்ப் பந்தயம் அது. முதல் வீரர் ஒரு சுற்று முழுவதும் காற்றைத் தாங்கி விலகுவார். அடுத்தவர் இரண்டாம் சுற்றைத் தாங்கி விலகுவார். இறுதியில் மூன்றாமவர் தனித்து ஓடி முடிப்பார். எல்லையைக் கடப்பவர் ஒருவரே ஆயினும், அவருடைய கால்களில் மூவரின் திறனும் சேர்ந்தே இருக்கும். ஆஸ்திரேலிய அணியை வென்று இந்திய அணி தங்கப் பதக்கம் பெற்றது. 2022 இல் தில்லியில் நடந்த ஆசியப் போட்டியில் ரொனால்டோ சிங்கு தனியார் விரைவோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

செல்ல வேண்டிய தொலைவு இன்னும் உள்ளது. 2024 பாரிசு ஒலிம்பிக்கில் நெதர்லாந்து அணி அதே 750 மீட்டரை 40.949 விநாடியில் கடந்து உலகச் சாதனை படைத்தது. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டும், சராசரி விரைவு மணிக்கு ஏறத்தாழ 66 கிலோமீட்டர். அந்த அளவை எட்டப் பதக்க ஆசை மட்டும் போதாது. ஆண்டுகள் பல வேண்டும்; ஒவ்வோர் ஆண்டிலும் அளந்து வகுத்த வாரங்கள் வேண்டும்; ஒவ்வொரு வாரத்திலும் உழைப்புக்கு ஒரு நாளும் ஓய்வுக்கு ஒரு நாளும் வேண்டும்.

மிதிவண்டி நேர்மையான ஆசான். ஈட்டிய திறனை அது மறைப்பதில்லை. ஈட்டாத திறனைக் காட்டுவதுமில்லை. தன் உடலின் அளவை அறிந்து, அதனைச் சிறிது சிறிதாக உயர்த்தி, உரிய வேளையில் இளைப்பாறி, மீண்டும் முயலும் இளைஞர் பந்தயத்தில் எவ்விடம் பெறினும் நேற்றைய தம்மை வென்றவரே ஆவர். மலையடிவாரத்துச் சாலைகளில் இன்று பள்ளிக்கு மிதித்துச் செல்லும் மாணவ மாணவியர்க்கும் அப்பயிற்சி எட்டாதது அன்று. வண்டி முன்னரே அவர்களிடம் உள்ளது. காற்றும் மேடும் சாலையும் உள்ளன. அளவறிந்து முயலும் மனமே இனி வேண்டுவது.